சின்னக் கரெக்‌ஷன்தானே!

காசு கொடுக்காமல் வேலை வாங்குவதற்கு நம் ஊரில் பல மந்திரங்கள் உண்டு. "நம்ம பையன்தானே" என்பது ஒன்று. "அடுத்த தடவை சேர்த்துப் பார்த்துக்கலாம்" என்பது இன்னொன்று. இவற்றையெல்லாம்விடச் சக்தி வாய்ந்த மந்திரம் ஒன்று மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் அடையாற்றிலும் நாள்தோறும் ஜபிக்கப்படுகிறது: "சின்னக் கரெக்‌ஷன்தானே!"

புத்தகத்துக்கு அட்டை போடுகிறவர்கள், கடைக்குச் சின்னம் வரைந்து கொடுக்கிறவர்கள், கல்யாணப் பத்திரிகையைக் கம்ப்யூட்டரில் கோத்துக் கொடுக்கிறவர்கள் – எல்லோரும் இந்த மந்திரத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். முன்பு இவர்களுக்கு ஆர்ட்டிஸ்ட் என்று பெயர். இப்போது டிசைனர் என்று பெயர். பெயர் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது. மரியாதை உயர்ந்ததாகத் தெரியவில்லை.

நான் படம் போடுகிறவனல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். என் கதைகளுக்குப் படம் போட்டவர்கள், என் புத்தகங்களுக்கு அட்டை அமைத்தவர்கள் என்று ஒரு பத்துப் பதினைந்து பேரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பார்த்ததில் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. அந்தக் கோபத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாடிக்கையாளர் அபிப்பிராயம் சொல்லக் கூடாது என்பது என் கட்சியல்ல. பணம் கொடுக்கிறவர் வாய் திறக்கத்தான் வேண்டும். நான் கேட்பது வேறு. இவர்கள் சொல்வதெல்லாம் அபிப்பிராயந்தானா?

தெற்கு மாடவீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் டி.டி.பி. கடை ஒன்று இருக்கிறது. ஜெராக்ஸுக்காக அங்கே காத்திருந்த ஒரு சாயங்காலம், ஒரு கல்யாணப் பத்திரிகை தயாராவதை முழுசாகப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. கம்ப்யூட்டரின் முன்னால் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி. அவள் நாற்காலிக்குப் பின்னால் பெண்ணைப் பெற்றவர், அவர் மனைவி, அவருடைய தமையனார், தமையனாரின் மகன் ஆகியோர் அரைவட்டமாக நின்றிருந்தார்கள்.

"பிள்ளையாரைக் கொஞ்சம் பெரிசாப் போடும்மா."

"சரி சார்."

"ரொம்பப் பெரிசாயிடுத்து. அண்ணா பேரு கீழே தள்ளிப் போயிடுத்து, பாருங்கோ" என்றாள் மாமி.

"பேரு கிடக்கட்டும், பரவாயில்லே" என்றார் தமையனார், பரவாயில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாத ஒரு குரலில்.

பிள்ளையார் சிறுத்தார். தமையனார் மேலே ஏறினார். அவர் ஏறியதும் பிள்ளை வீட்டுத் தாத்தா இரண்டாம் வரிக்கு இறங்கினார். உடனே போன் போட்டார்கள். அந்தப் பக்கத்தில் யாரோ, "தாத்தா இறங்கலாம், ஆனால் அத்திம்பேரின் உத்தியோகத்தைப் போட்டே ஆக வேண்டும்" என்றார்கள் போலும். உத்தியோகம் வந்தது. உத்தியோகத்துக்கு இடம் பண்ணுவதற்காக எழுத்துச் சிறிதானது. எழுத்துச் சிறிதானதால் மாமிக்கு மறுபடியும் குறை.

அந்தப் பெண் கடைசியில் மெதுவாகச் சொன்னாள்: "மாமி, எந்தப் பேரு முதல்லே, எந்தப் பேரு அடுத்ததுன்னு நீங்க வீட்டிலே முடிவு பண்ணிட்டு வந்தீங்கன்னா ஒரே தடவையிலே போட்டுடலாம்."

"அதுக்குத்தானேம்மா உன்னண்டை வந்திருக்கோம்! நீ போட்டுக் காட்டு. பார்த்துட்டு முடிவு பண்றோம்."

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. இது அழகைப் பற்றிய பேச்சே அல்ல. இது குடும்பத்தில் யார் பெரியவர் என்ற வழக்கு. கூடத்தில் உட்கார்ந்து தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஓர் ஏழைப் பெண்ணின் கம்ப்யூட்டர் திரையில் நடத்துகிறார்கள். வழக்குக்குக் கோர்ட் கட்டணமும் கிடையாது! கார்டுக்கு இத்தனை ரூபாய், அச்சுக்கு இத்தனை ரூபாய் என்று கணக்குப் பேசுகிற கடைக்காரர், டிசைன் என்பதற்கு ஒரு பைசா போடுவதில்லை. போட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். ஆகவே அவளுடைய மூன்று மணி நேரம் பிள்ளையார் சுழியைப் போல இலவசம்.

நமக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். பனகல் பார்க்கைச் சுற்றியிருக்கிற புடவைக் கடைகளிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அங்கே போய் உட்கார்ந்து, "வேறே காட்டுங்கோ" என்கிறோம். பையன் பிரித்துப் போடுகிறான். "இந்தப் பார்டரிலே வேற கலர்?" பிரித்துப் போடுகிறான். நாற்பது புடவை பிரித்தபின் எழுந்து அடுத்த கடைக்குப் போகிறோம். கடைக்காரர் முகம் சுளிப்பதில்லை. ஏன் சுளிக்க வேண்டும்? அந்த நாற்பதும் ஏற்கெனவே நெய்யப்பட்டவை. அவருக்கு நஷ்டம் மடிக்கிற நேரந்தான். டிசைனரிடத்திலும் நாம் அதே குரலில் "வேறே காட்டு" என்கிறோம். அங்கே அலமாரியில் எதுவும் மடித்து வைத்திருக்கவில்லை, ஸ்வாமி! ஒவ்வொரு "வேறே"க்கும் அவன் தறியில் போய் உட்கார வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் வந்துவிட்டதால் பொத்தானை அமுக்கினால் தானாக மாறிவிடும் என்று ஒரு பிரமை வேறு. பிள்ளையாரைப் பெரிதாக்குவது ஒரு நொடி. பெரிதான பிள்ளையாருக்கு ஏற்பப் பாக்கி அத்தனையையும் மறுபடி ஒழுங்குபடுத்துவது யார் தலையில் விடிகிறது?

தையற்காரரிடத்தில் மட்டும் நாம் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறோம். துணியை வெட்டுமுன் அளவு கொடுக்கிறோம். போட்டுப் பார்த்து, "கக்கத்தில் பிடிக்கிறது" என்கிறோம். எந்தத் தையலைப் பிரிப்பது, எங்கே அரை அங்குலம் விடுவது என்பதை அவரிடமே விட்டுவிடுகிறோம். வெட்டின பிறகு, "முழுக்கை வேண்டாம், அரைக்கை, இல்லை, முழுக்கையே இருக்கட்டும்" என்றால் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நம்மைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்துகொண்டுதான் நாம் யோக்கியர்களாக இருக்கிறோமோ என்னவோ!

படித்தவர்கள் இப்படியில்லை என்று நினைத்தால் அதுவும் தப்பு. அடையாற்றில் புதிதாகத் தொழில் தொடங்கிய நண்பர்கள் இரண்டு பேர், எனக்குத் தெரிந்த ஓர் இளைஞனிடம் சின்னம் வரைந்து தரச் சொன்னார்கள். ஒருவருக்கு நவீனமாக இருக்க வேண்டும். இன்னொருவருக்குப் பாரம்பரியம் தெரிய வேண்டும். இந்த இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று அவர்கள் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசினால் மனஸ்தாபம் வருமாம். ஆகவே திங்கட்கிழமை ஒருவர் வாட்ஸாப்பில், "கோலத்தை எடுத்துவிடுங்கள்" என்பார். புதன்கிழமை இரவு பதினொன்றரைக்கு மற்றவர், "கோலம் எங்கே போயிற்று?" என்பார். நடுவில் ஒருவருடைய மாமனார், பெயரில் ஓர் ஆங்கில எழுத்தைக் கூட்டினால் எண் சரியாக வரும் என்று சொல்லிவிட்டார். எழுத்துக் கூடியதும் அமைப்பே குலைந்துவிட்டது. இரண்டு மாதத்தில் இருபத்தேழு படம். அப்புறம் கூட்டாளிகள் பிரிந்துவிட்டார்கள்; தொழிலும் போயிற்று. "கம்பெனியே இல்லை, அதற்குச் சின்னம் எதற்கு? சின்னம் இல்லாதபோது பணம் எதற்கு?" என்று ஒருவர் தர்க்கம் பேசினார். தர்க்கத்தில் ஓட்டையில்லை! அந்த இளைஞனுடைய வீட்டு வாடகைக்குத்தான் அது புரியவில்லை.

என் சொந்த நூலொன்றுக்கே இது நடந்தது. பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். அட்டைக்கு ஓர் ஓவியரைக் கொண்டு பதினோரு தடவை வரையச் செய்தார்கள். விற்பனைப் பிரிவு ஒன்று சொன்னது, ஆசிரியர் குழு ஒன்று சொன்னது, முதலாளியின் தம்பி ஒன்று சொன்னார். கடைசியில் விலைக்கு வாங்கின ஒரு போட்டோவை ஒட்டி அச்சடித்தார்கள். ஓவியருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "உபயோகப்படாததற்கு என்ன சார் கொடுப்பது?" என்றார்கள். நான் சண்டை போட்டேன். பாதிப் பணம் கொடுத்தார்கள். எனக்கு அடுத்த புத்தகம் இல்லை என்றும் ஆயிற்று. வைத்தியரிடம் போய்விட்டு, "உங்கள் மருந்தைச் சாப்பிடவில்லை, ஆகவே பீஸ் கிடையாது" என்று இவர்களில் ஒருவராவது சொல்லியிருப்பாரா?

கேட்கிற முறையில் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது அதற்குப் படம் போட்டவர் மணியம். கல்கி அவரை எப்படி நடத்தினார்? வந்தியத்தேவனின் மூக்கு இப்படி இருக்கட்டும், குந்தவையின் கொண்டையை ஒரு விரற்கடை ஏற்றும் என்றா சொல்லிக்கொண்டிருந்தார்? அஜந்தாவுக்கும் இலங்கைக்கும் போனபோது கூடவே அழைத்துக்கொண்டு போனார். தான் பார்த்த சிற்பத்தையும் சித்திரத்தையும் அவரும் பார்க்கும்படி செய்தார். என்ன வேண்டும் என்பதை வரைவதற்கு முன்னாலேயே, கண்ணால் காட்டிச் சொல்லியாயிற்று. அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பாத்திரங்கள் நம்மில் பலருக்கு மணியத்தின் கோடுகளில்தான் நடமாடுகிறார்கள்.

கோபுலுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. விகடனில் பல்லாண்டுகள் போட்ட பிறகு 1963-ல் அவர் விளம்பரத் துறைக்குப் போனார். 1972-ல் 'ஆட் வேவ்' என்று சொந்தமாகவே நிறுவனம் தொடங்கினார். குங்குமம் பத்திரிகையின் சின்னமும் சன் டி.வி.யின் சின்னமும் அவர் கையிலிருந்து வந்தவை. பத்திரிகை ஓவியர் என்று நாம் கொண்டாடுகிற ஒருவர் வாழ்நாளின் பிற்பகுதியை வாடிக்கையாளர்களோடுதான் கழித்தார். இந்தத் தொழிலில் கலை இல்லை, வெறும் வியாபாரந்தான் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் பால் ராண்ட் என்று ஒருவர் இருந்தார். 1986-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் தம்முடைய 'நெக்ஸ்ட்' கம்பெனிக்குச் சின்னம் கேட்டு அவரிடம் போனார். சில மாதிரிகள் காட்ட முடியுமா என்று கேட்டாராம். முடியாது, உங்கள் பிரச்னையை நான் தீர்ப்பேன், நீங்கள் பணம் கொடுப்பீர்கள், பிடிக்காவிட்டால் உபயோகிக்க வேண்டாம் என்ற கருத்தில் பதில் சொன்னார் ராண்ட். ஒரே ஒரு சின்னம். அது ஏன் அப்படி இருக்கிறது என்று விளக்கி நூறு பக்கத்தில் ஒரு சிறு புத்தகம். கூலி ஒரு லட்சம் டாலர். அப்போதே அவருக்கு எழுபது வயதுக்கு மேல், உலகமெல்லாம் பெயர். மாடவீதிச் சந்தில் உட்கார்ந்திருக்கிற பெண் அப்படிச் சொல்ல முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. சொன்ன அன்றே வேலை போய்விடும். ஆனால் இந்தக் கதையில் நான் ராண்டைவிட ஜாப்ஸைத்தான் மெச்சுகிறேன். பிறரைப் பிடுங்கியெடுப்பதில் பெயர் பெற்ற மனிதர் அவர். அப்பேர்ப்பட்டவரே நிபந்தனைக்குக் கட்டுப்பட்டுப் பணம் கொடுத்தார் என்றால், நம் வீட்டுத் தமையனார்களுக்கு மட்டும் என்ன வந்தது?

அரசாங்கம்கூடச் சில சமயம் ஒழுங்காகக் கேட்கிறது. ரூபாய்க்கு ஒரு குறியீடு வேண்டும் என்று 2009-ல் மத்திய அரசு போட்டி வைத்தது. குறியீடு எப்படியிருக்க வேண்டும் என்ற விதிகளை முதலிலேயே சொல்லிவிட்டார்கள். 3,331 பேர் அனுப்பினார்கள். 2010 ஜூலை 15 அன்று தேர்வானது நம் ஊர்க்காரரான உதயகுமாருடையது – அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படித்தவர். நமக்குப் பெருமைதான். ஆனால் ஒன்று. போட்டி என்றாலே பாக்கி மூவாயிரத்துச் சொச்சம் பேர் சும்மா உழைத்தார்கள் என்றுதான் அர்த்தம். தேசத்துக்கு ஒரு குறியீடு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பலகாரக் கடைப் பெட்டிக்குக்கூட, "போட்டி வைத்திருக்கிறோம், நல்லதாக இருந்தால் எடுத்துக்கொள்வோம்" என்று கிளம்பியிருக்கிறார்களே, அதை என்னவென்று சொல்வது?

அதே அரசாங்கம் என்ற வாடிக்கையாளர் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அண்ணா சாலையில் கண்கண்ட சாட்சி இருக்கிறது. ஓமந்தூரார் தோட்டத்தில் நம்முடைய சட்டசபைக்கென்று ஜி.எம்.பி. என்ற ஜெர்மானியக் கட்டடக் கலைஞர்கள் வரைந்து கொடுத்த கட்டடம். 2010 மார்ச் 13 அன்று திறப்பு விழா. விழாத் தேதிக்குள் மேலே கும்மட்டம் முடியவில்லை. தேதி மாறக் கூடாது. கும்மட்டமும் இருந்தாக வேண்டும். சினிமாவுக்கு அரங்கம் அமைக்கிற தோட்டா தரணியைக் கூப்பிட்டு, தற்காலிகமாக ஒரு கும்மட்டம் போடச் சொன்னார்கள். போட்டார், விழா நடந்தது. அடுத்த வருஷம் ஆட்சி மாறியது. சட்டசபை பழைய கோட்டைக்கே திரும்பிவிட்டது. 2014-ல் அந்தக் கட்டடம் ஆஸ்பத்திரியாயிற்று. நோயாளிகளுக்குப் பிரயோஜனப்படுகிறது, அதில் எனக்குக் குறையில்லை. எந்தக் கட்சி செய்தது சரி என்ற வழக்குக்கும் நான் வரவில்லை. வட்டமாக உட்கார்ந்து விவாதம் செய்வதற்கென்று வரைந்த இடத்தைக் கட்டிலுக்கும் ஆபரேஷன் அறைக்கும் ஏற்றபடி மாற்றினார்களே, அதுவும் ஒரு கரெக்‌ஷன்தான். பெரிய கரெக்‌ஷன். யார் பெரியவர் என்ற அதே பத்திரிகைச் சண்டை. இங்கே திரைக்குப் பதில் சிமெண்டு. கூலி கொடுத்தவர்கள் மட்டும் நாம்.

டிசைனர்களையும் நான் விடுவதாக இல்லை. இவர்கள் மகா சாதுக்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். எது சொன்னாலும் "ஓ.கே. சார்" என்கிறவர் ஒரு ரகம். பிள்ளையாருக்கு மீசை வைக்கச் சொன்னாலும் வைப்பார். அப்புறம் டீக்கடையில் நின்று வாடிக்கையாளரைத் திட்டுவார். மூன்று மாதிரி காட்டுகிறேன் என்று சொல்லி, இரண்டை வேண்டுமென்றே அசிங்கமாகப் போட்டு, மூன்றாவதை எடுக்கவைக்கிறவர் இன்னொரு ரகம். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு பிழையை விட்டுவைப்பவரும் உண்டு – முதலாளி அதைக் கண்டுபிடித்துத் திருத்திச் சந்தோஷப்பட்டுவிட்டுப் பாக்கியைத் தொடாமல் இருப்பாராம்! கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் பொய் சொல்லிப் பிழைக்கிற கெட்டிக்காரத்தனம். இன்னும் சிலர் வாடிக்கையாளர் வாயைத் திறந்ததுமே, "உங்களுக்கு ரஸனை இல்லை" என்ற முகத்தோடு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அந்த முகமும் நியாயமல்ல. அன்றைக்கு மாமி சொன்ன பத்தில் ஒன்று அசல் தங்கம். கல்யாண மண்டபத்தின் விலாசம், மெல்லிய சாம்பல் நிற எழுத்தில், அழகாக, ஓர் ஓரத்தில் இருந்தது. "எங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிருக்கு. அவ வயசுக்காரா அத்தனை பேரும் இந்த அட்ரஸைத்தான் ஆட்டோக்காரனண்டை காட்டுவா. இது தெரியலியேம்மா" என்றாள். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. எழுத்தைக் கறுப்பாக்கிப் பெரிதாக்கினாள். அபிப்பிராயம் என்றால் அதுதான். யார் படிக்கப்போகிறார்கள், எதற்காகப் படிக்கப்போகிறார்கள் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, மாமிக்குத்தான் தெரியும். அந்த அறிவை வைத்துக்கொண்டு மாமி இன்னும் பத்துச் சொல்லியிருந்தாலும் கைகட்டிக் கேட்க வேண்டியதுதான். தமையனாரின் மானம் எந்த வரியில் இருக்கிறது என்பது அந்த அறிவில் சேராது.

ஆகவே நான் கேட்பது அதிகமில்லை. ஆர்டர் எழுதும்போதே, யாருடைய வார்த்தை கடைசி வார்த்தை என்று ஒரு பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திருத்தம் எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் ஒரே தடவையாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை உங்களுடையதானால் நூறு தடவையும் இலவசமாகத் திருத்துங்கள், அது கடமை. இரண்டு திருத்தம் விலைக்குள் அடங்கும், மூன்றாவதற்குத் தனி விலை என்று சொல்லுங்கள். வேலையை நடுவில் நிறுத்தினால் நிறுத்தின வரைக்கும் பணம். வாடிக்கை போய்விடும் என்று ஒவ்வொரு கடைக்காரரும் பயப்படுகிறார். ஒருவர் மட்டும் சொன்னால் போகத்தான் செய்யும். மாம்பலத்தில் ஆட்டோக்காரர்கள் ஸ்டாண்டு போட்டுச் சேர்ந்து நிற்கிறார்கள். பூக்காரிகள் சேர்ந்து முழத்துக்கு ஒரு விலை வைக்கிறார்கள். பட்டப் படிப்பும் டிப்ளமோவும் வாங்கின இவர்களுக்கு அது கைவரவில்லை!

தி. நகரில், பர்கிட் ரோடு பக்கத்தில், ஒருவர் துணிந்துவிட்டார். "மூன்றாவது கரெக்‌ஷனிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ரூ. 100" என்று கம்ப்யூட்டருக்கு மேலேயே அட்டை எழுதி ஒட்டியிருக்கிறார். நான் போயிருந்தபோது விசிட்டிங் கார்டு அடிக்க வந்த ஒரு பெரியவர் அந்த அட்டையை இரண்டு தடவை படித்தார்.

"அப்போ நான் ஒண்ணுமே சொல்லலைன்னா எவ்வளவு குறைப்பீங்க?"

"சொல்லாம இருந்து காட்டுங்க சார், பார்த்துக்கலாம்" என்றார் கடைக்காரர்.

பெரியவர் ஐந்து சொன்னார். முந்நூறு ரூபாயை முணுமுணுத்துக்கொண்டேதான் எண்ணி வைத்தார். எழுந்து போகிறபோது, தம் பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம் என்றும், பத்திரிகைக்கு இங்கேதான் வருவதாகவும், ஆனால் வீட்டில் யாரையும் அழைத்துக்கொண்டு வரப்போவதில்லை என்றும் சொன்னார்.